மூன்றாவது முத்திரை

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

கிடங்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே உள்ள எல்லா டேங்குகளிலும் டிரம்களிலும் பழைய வழக்குப் பெயர்களை அழித்துவிட்டு, முறையான வேதிப் பெயர்களை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. பெயின்ட்டும் பிரஷ்ஷும் என் கையில் கொடுத்திருக்கிறார்கள். டொலுயீன், சைலீன், மரச்சாராயம், தின்னர் என்று பதினோரு பெயர்கள் இத்துடன் உள்ள தாளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சரியான பெயரை எழுதி அனுப்பவும். எனக்கு இங்கே மூன்று மாதம் சோதனைக் காலம். ஒரு டிரம்மில் பெயர் மாறினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெயர் அழிந்துபோன டிரம்கள் மூன்று இருக்கின்றன. அவற்றின் மாதிரிகளைச் சின்னப் பாட்டில்களில் அடைத்து வைத்திருக்கிறேன். இன்னவை என்று சோதித்துச் சொல்லவும்.

இது அலுவல் கடிதம். தம்பி என்ற முறையில் எழுதவில்லை.

அம்மாவிடம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லவும். அதுவும் அலுவல்தான்.

கிடங்கு உதவியாளர்


மார்ச் 7, வெள்ளி

டேய் மூக்கா,

உன் அலுவல் கடிதம் மாதிரிப் பெட்டியில் பாட்டில்களுக்கு நடுவில் ஈரமாக வந்து சேர்ந்தது. ‘அவர்களுக்கு’ என்ற இடத்தில் மை கலைந்திருந்தது. நல்லதாகப் போயிற்று.

அம்மா போட்ட சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் இருவரும் போனில் கத்திய கத்தலில் அவள் போனைப் பிடுங்கிச் சொன்னாள்: “இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. எழுதித் தொலைங்க. அப்பவாவது ஒருத்தர் முடிச்ச பிறகு இன்னொருத்தர் ஆரம்பிப்பீங்க.” செவ்வாயும் வெள்ளியும் மாதிரிப் பாட்டில் ஏற்றும் வண்டி உன் கிடங்குக்கும் என் ஆய்வகத்துக்கும் நடையாய் நடக்கிறது. டிரைவர் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தபால் வேலையும் பார்க்கிறார்.

பட்டியல் பின்பக்கம் இருக்கிறது. ஆனால் பட்டியலைப் பார்த்து எழுதாதே, புரிந்துகொண்டு எழுது. மீத்தேன் என்றால் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். அதில் ஒரு ஹைட்ரஜனைக் கழற்றி எறிந்தால் மிச்சம் மெத்தில். அதற்கு ஒரு கை காலி. காலியான கையை வைத்துக்கொண்டு அதனால் சும்மா இருக்க முடியாது, நம் சின்ன மாமாவைப் போல யார் வீட்டிலாவது போய் ஒட்டிக்கொள்ளும். எந்த வீட்டில் ஒட்டியதோ அந்த வீட்டுப் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். பென்சீனில் ஒட்டினால் மெத்தில்பென்சீன், அதுதான் உன் டொலுயீன். இரண்டு மெத்தில் ஒட்டினால் டைமெத்தில்பென்சீன், சைலீன். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் மெத்தனால், மரச்சாராயம். சாலிசிலிக் அமிலத்தில் ஒட்டினால் மெத்தில் சாலிசிலேட், அம்மா முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

அந்தத் தைலத்தால்தானே நமக்குள் இவ்வளவும். கை துடைக்கும் ஸ்பிரிட்டில் எத்தனால் மட்டும்தான் இருக்க வேண்டும், மெத்தனால் இருந்தால் விஷம். கண்டுபிடிக்கும் இயந்திரம் பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. அதனால் பழைய முறை: மாதிரியோடு சாலிசிலிக் அமிலமும் இரண்டு சொட்டுக் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, தண்ணீரில் ஊற்றி மோந்து பார்ப்பது. எத்தனாலும் லேசாக வாசம் காட்டும், ஆனால் மெத்தனால் இருந்தால் தைலக் கடையே திறந்துவிடும். வித்தியாசம் பழகிய மூக்குக்குத்தான் தெரியும். அந்த மூக்கு உன்னுடையது என்றுதான் மேனேஜர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கவே இல்லை.

அந்த மூக்கை வைத்துக்கொண்டு ஜனவரியில் நாற்பது டிரம்முக்கு மெத்தனால் ‘இல்லை’ என்று முத்திரை குத்தினாய். மறுநாள் காலையில் எடுத்து வைத்த மாதிரியை நான் சும்மா சோதித்தேன். அறை முழுக்கத் தைலம். மருத்துவமனைக்குக் கிளம்பிய லாரியை வாசலில் மறித்தேன். நீ சோதனையே செய்யாமல் குத்தியிருக்கிறாய் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் உன்னை ஆய்வகத்திலிருந்து கிடங்குக்குத் தூக்கிப் போட்டபோதும் நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

உன் மூன்று பாட்டில்களும் இதோ: ஒன்று டொலுயீன், இரண்டு அசிட்டோன், மூன்று மெத்தனால். மூடியைத் திறந்ததும் முதல் இரண்டும் தெரிந்துவிட்டன, மூன்றாவதை மட்டும் சோதித்தேன். இதை எதற்கடா வண்டி ஏற்றினாய்? உனக்கு அரை நொடி வேலை.

அக்கா

சனிக்கிழமை அம்மா உன்னிடம் வருகிறாள். நாலு நாள் இருப்பாள். அறையைப் பெருக்கி வை.


மார்ச் 11, செவ்வாய்

அக்கா,

பட்டியல் கிடைத்தது. எட்டு டேங்குக்கு எழுதி முடித்துவிட்டேன். ‘மெத்தில்பென்சீன்’ என்று ஆள் உயர எழுத்தில் எழுதினால் ஒரு டேங்கின் சுற்றளவில் பாதி போய்விடுகிறது. இங்கே உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு, டொலுயீனை வேறு எங்கே மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள்.

மோந்து பார்ப்பது இங்கே கூடாது. விதி. அதனால்தான் அனுப்பினேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்தாயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் மேசையிலிருந்து மேனேஜர் அறை நாற்பது அடி. உன் மேசையிலிருந்து என் மேசை பன்னிரண்டு அடி. நீ நாற்பது அடி நடந்து போனாய். போகிற வழியில் என் மேசை இருந்தது. “என்னடா ஆச்சு” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம்.

அம்மா வந்து என் துணிகளை எல்லாம் மறுபடி துவைத்துக்கொண்டிருக்கிறாள். நான் துவைத்தவைதான். நாறுகிறதாம். பாலைக் கொட்டிவிட்டாள், சோப்பை மாற்றிவிட்டாள், ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்கிறாள். நாளைக்கு அவள் கிளம்பினால்தான் எனக்கு ஓய்வு.

என்னை மூக்கன் என்று கூப்பிடாதே.

தம்பி


மார்ச் 14, வெள்ளி

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக மனதுக்குள்ளேயே எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் தாளில் எழுதுகிறேன்.

நீ பன்னிரண்டு அடி என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. உன்னைத் திருப்பி அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று அலமாரியைத் திறந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அதற்காகத்தான் திறந்தேன். ஒவ்வொரு ரசாயனப் பாட்டிலின் கழுத்திலும் ஒரு சீட்டு கட்டியிருப்போமே, யார் எப்போது எவ்வளவு எடுத்தார்கள் என்று. சாலிசிலிக் அமிலப் பாட்டிலின் சீட்டைப் பார்த்தேன். அந்த நாற்பது டிரம் வந்த நாளின் தேதியில் அரை கிராம், உன் கையெழுத்து. கீழே இன்னொரு அரை கிராம். அதன் கீழே இன்னொன்று. பாட்டிலை எடைபோட்டுப் பார்த்தேன், கணக்குச் சரி.

நீ சோதனை செய்திருக்கிறாய். ஒரு முறை அல்ல, மூன்று முறை. சோம்பேறி மூன்று முறை செய்ய மாட்டான்.

அம்மா திரும்பி வந்ததும் பொரிந்து தள்ளினாள். திரிந்துபோன பாலை நீ அப்படியே ஊற்றிக் குடிக்கப் பார்த்தாயாம். ஈரம் காயாமல் மக்கிப்போன சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயாம். நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். அவளுடைய தைலப் பாட்டில் உன் அறையில் கவிழ்ந்து முழுசாகக் கொட்டிவிட்டது. வாடை தாங்காமல் பக்கத்து அறைக்காரரே எட்டிப் பார்த்திருக்கிறார். நீ வேலை முடிந்து உள்ளே வந்து காலை வைத்ததும், “தரை ஏம்மா வழுக்குது, தண்ணி கொட்டிட்டியா” என்று கேட்டாயாம். அம்மா அதை உன் கவனக்குறைவு என்று சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறாள். நான் டிசம்பர் வரை நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன்.

டிசம்பரில் உனக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. அதற்குப் பிறகு வந்த நாலு லோடுக்கும் சோதனைக் குழாயை என்னிடம் நீட்டி, “அக்கா, நீ முதல்ல சொல்லு பார்ப்போம், போட்டி” என்றாய். நான் பெருமையாக மோந்து மோந்து சொன்னேன். நீ பின்னாலேயே “சரி” என்றாய். அந்த நாற்பது டிரம் வந்த அன்று நான் லீவு. அம்மாவை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன்.

நேராகவே கேட்கிறேன். உனக்கு வாசனை தெரிகிறதா?

அக்கா


மார்ச் 18, செவ்வாய்

சளி. நாள்பட்ட சளி. சரியாகிவிடும் என்று இங்கே மருந்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லாதே. முக்கியமாக, நாற்பது அடி நடக்காதே. கிடங்கு வேலைக்கு எடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பார்வை, செவி, மோப்பம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று. நான் போட்டேன். போடாமல் என்ன செய்வது? ஆய்வகத்தில் இடமில்லை, இங்கேயும் இல்லையென்றால் எங்கே போவேன்? எனக்கு வேறு என்ன தெரியும்? ஸ்கூலில் ரெண்டு தடவை கெமிஸ்ட்ரியில் பெயிலானவனுக்கு அங்கே வேலை கொடுத்ததே மூக்குக்காகத்தான். நீ படித்து வந்தாய். நான் மோந்து வந்தேன்.

இன்னொரு முறை என்னைப் பற்றி நீ மேலே சொன்னால், எழுதுவதையும் நிறுத்திவிடுவேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.


மார்ச் 18, செவ்வாய், மாலை

தம்பி,

வண்டி கிளம்பப் போகிறது. டிரைவர் அண்ணனை நிறுத்தி வைத்துக்கொண்டு பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பெயர் எழுதிய டேங்குகளை எண்ணிப் பார். மெத்தில்பென்சீன், டைமெத்தில்பென்சீன், டைமெத்தில் கீட்டோன் என்கிற அசிட்டோன், மெத்தில் எத்தில் கீட்டோன், மெத்தில் எத்தனோயேட். எல்லாம் நான் அனுப்பிய பட்டியல்தான். ஒவ்வொன்றும் ஆவியாகும், தீப்பிடிக்கும், மூடிய அறையில் ஆளைச் சாய்க்கும். மெத்தனாலுக்கு மூக்கை நம்பவே கூடாது, மூக்கு உள்ளவர்களே ஏமாந்துபோவார்கள். மற்றவை வாசனையால் நம்மை எச்சரிக்கும். உன்னை எச்சரிக்காது. உன் கிடங்கில் வாயு அலாரம் வேலை செய்கிறதா என்று இவரிடம் கேட்டேன். “அது அழுது நாளாச்சும்மா, தம்பி மூக்குதான் அங்க அலாரம்னு சொல்லிக்கிறாங்க” என்கிறார்.

உன் வேலை போகும் என்று பயப்படுகிறாய். எனக்கு வேறு பயம். இந்த ரெண்டு பயமும் ஒன்றில்லை.

போன தடவை நான் உன் மேசைக்கு வராமல் மேலே போனேன். அது தப்பு. இந்தத் தடவை முதலில் உன்னிடம் வந்திருக்கிறேன். நீயே போய்ச் சொல். வெள்ளிக்கிழமை வண்டியில் சொல்லிவிட்டேன் என்று உன் கையெழுத்தில் வர வேண்டும். வரவில்லையென்றால் நான் நடப்பேன். அதற்குப் பிறகு நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உயிரோடு கோபமாக இரு.

அக்கா


மார்ச் 21, வெள்ளி

அக்கா,

சொல்லிவிட்டேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி உன் கடிதத்தைப் படித்துத் திருந்தி அல்ல. பொய் எழுத எனக்கு இப்போது தெம்பில்லை.

புதன்கிழமை பம்பு அறையில் உட்கார்ந்து டிரம் சீட்டுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே காற்று அடித்துச் சீட்டுகள் பறந்ததால் கதவைச் சாத்தியிருந்தேன். உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. உன் மேல் எரிச்சலாக இருந்தது. எழுத்துகள் கொஞ்சம் ஆடின. தலை வலித்தது, ரெண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். பத்தொன்பது சீட்டு எழுதியிருந்தேன். கடைசி நாலில் ‘மெத்தில்’ என்பதையே மூன்று விதமாக எழுதியிருக்கிறேன், பிறகு பார்த்தபோது தெரிந்தது.

டேங்கர் டிரைவர் ஒருவர் கதவைத் திறந்தார். திறந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு என்னைச் சட்டையோடு பிடித்து இழுத்து வெளியே போட்டார். என் முதுகுக்குப் பின்னால் குழாய் மூட்டு ஒழுகி, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் கால்வரை டொலுயீன் தேங்கியிருந்திருக்கிறது. என் செருப்பு நனைந்திருந்தது. அவர் கத்தினார்: “ஏன்யா, உனக்கு மூக்குன்னு ஒண்ணு இல்லையா?”

நான் சொன்னேன், “இல்லண்ணே. டிசம்பர்லேர்ந்து இல்ல.”

மூன்று மாதத்துக்கு மேலாக யாரிடமும் வராத வார்த்தை, முன்பின் தெரியாத மனிதரிடம் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவர் கத்துவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். நான் வாந்தி எடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். பிறகு நானே எழுந்து போய் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தாளில் போட்ட கையெழுத்து உட்பட. அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேலே கேட்டுச் சொல்வார்களாம்.

நீ கேட்டதற்குப் பதில். காய்ச்சல் விட்ட அன்று காலையில் காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. அவ்வளவுதான், அன்றோடு சரி. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தேன். நாற்பது டிரம் வந்த அன்று மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் ஒன்றும் இல்லை. லாரி உறுமிக்கொண்டு நின்றது. மேனேஜர் தோளில் கை வைத்து, “மூக்கன் இருக்க நமக்கு என்ன கவலை” என்றார். மேசையில் ரெண்டே முத்திரைகள், ‘உண்டு’, ‘இல்லை’. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் இல்லை என்று குத்தினேன். சோம்பேறித்தனம் இல்லை. ஆனாலும் தப்புதான், அக்கா. அது மருத்துவமனைக்குப் போகிற சரக்கு. நீ லாரியை மறித்தாய் என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சோதனையே செய்யவில்லை என்று நீ சொன்னதும், அதுவே வசதியாகப் போயிற்று. மூக்கு போனவன் என்பதைவிடச் சோம்பேறி என்ற பெயர் எனக்குத் தேவலை என்று தோன்றியது.

கோபமாக இருக்கிறேன். நீ கேட்டபடியே.

தம்பி


மார்ச் 25, செவ்வாய்

தம்பி,

கடிதத்தைப் படித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் முதலில் உன்னைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு தைலப் பாட்டிலைத் திட்டினாள்.

நேற்று நாற்பது அடி நடந்தேன். ஜனவரியில் நான் கொடுத்த அறிக்கை தவறு, சோதனை மூன்று முறை நடந்திருக்கிறது, சீட்டு இதோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்தேன். பழுதான இயந்திரத்துக்குப் பதில் ஒரு ஆளின் மூக்கை மாதக்கணக்கில் ஓட்டியதும் ஒரு தவறு என்று கீழே எழுதினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இந்த வருடம் பதவி உயர்வு தர மாட்டார். போகட்டும். இயந்திரத்துக்கு ஆள் வருகிறான், உன் கிடங்கு அலாரத்துக்கும். உன்னை வேலையை விட்டு நிறுத்தவில்லையாம், பம்புப் பக்கம் போகாமல் சீட்டும் பதிவேடும் பார்க்கச் சொல்வார்கள். சோதனைக் காலம் மட்டும் இன்னும் மூன்று மாதம் நீள்கிறது.

மன்னித்துவிடு. உன்னை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்படியிருந்தும் நீ பொய் முத்திரை குத்துவாய் என்று ஒரே காலையில் நம்பிவிட்டேன்.

மூக்கு டாக்டரிடம் உனக்காகப் போய்க் கேட்டேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, உறுதி சொல்ல முடியாது என்கிறார். தினமும் காலையும் மாலையும் நாலு வாசனைகளை நிதானமாக மோந்து பழக வேண்டுமாம். நாலு சின்ன பாட்டில் அனுப்பியிருக்கிறேன். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, இன்னொன்று அம்மாவின் தைலம், ஒரே ஒரு சொட்டு பஞ்சில். எதில் எது என்று எழுதவில்லை, எண் மட்டும்தான். பெயரைப் பார்த்தால் உன் மனசு மூக்குக்கு எடுத்துக் கொடுத்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து முடிவு எழுது.

அக்கா


ஏப்ரல் 11, வெள்ளி

அக்கா,

பதினேழு நாள். காலையும் மாலையும், ஒரு வேளைகூடத் தவறவில்லை. சீட்டு எழுதும் மேசையில் நாலு பாட்டில்களையும் வரிசையாக வைத்திருக்கிறேன். கிடங்கு ஆட்கள் போகிறபோக்கில் தாங்களும் ஒரு முறை மோந்துவிட்டு, எனக்குச் சொல்லாமல் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு போகிறார்கள். புது அலாரத்தைச் சோதித்தார்கள். காது கிழிந்தது. சந்தோஷமாக இருந்தது.

முடிவு இது. ஒன்றாம் எண்: இல்லை. இரண்டாம் எண்: இல்லை. மூன்றாம் எண்: இல்லை.

நான்காம் எண்ணைப் பற்றி நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் காலையில் திறந்தபோது ஏதோ ஒன்று இருந்தது. மூக்கின் உள்ளே குளிர்ச்சியாக, அரை நொடி. தைலமோ? தைலத்தில் குளிர்ச்சிக்கு வேறு சரக்கும் சேர்ப்பார்கள், அது வாசனையே தெரியாதவனுக்கும் உறைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அரை நொடியில் அம்மா முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மூக்கில் தெரிந்ததா, ஞாபகத்தில் தெரிந்ததா? மாலையில் திறந்தேன், ஒன்றும் இல்லை. இன்று காலை மறுபடி, மிக லேசாக. இல்லாமலும் இருக்கலாம். உண்டு என்று எழுதினால் நீயும் அம்மாவும் எவ்வளவு சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பேனாவை எடுத்து ‘உண்’ வரை எழுதியும் விட்டேன். அடித்திருப்பதைப் பார்.

டிரம்முக்கு அச்சு வெட்டும் ரப்பர் பலகை இங்கே மிச்சம் கிடந்தது. பிளேடால் வெட்டி ஒரு முத்திரை செய்திருக்கிறேன். எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும் என்பதால் மூன்று முறை கெட்டு நாலாவது முறைதான் சரியாக வந்தது. மாதிரிப் பெட்டியில், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆய்வக மேசையில் அந்த ரெண்டு முத்திரைகளையும் கொஞ்சம் தள்ளி வைத்து, நடுவில் இதற்கு இடம் கொடு. இயந்திரம் வந்தாலும் இருக்கட்டும். லாரி எவ்வளவு உறுமினாலும், இதைக் குத்திவிட்டு எழுந்து பக்கத்து மேசைக்கு நடந்து போகலாம்.

முதல் தடவையாக அதை இங்கேயே குத்துகிறேன்.

நான்காம் எண்: தெரியவில்லை.

மூக்கன்